கூரையை எட்டாத சுவர்

மைக் படத்தை அழுத்தினாள். போனை வாயருகே கொண்டுபோனாள்.

சுவரைப் பார்த்துவிட்டு இறக்கினாள்.

தமிழ் வாசிப்பாள். போனில் எழுத மட்டும் வராது. ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் சொல்ல வந்தது பாதி ஓடிவிடும். இங்கிலீஷ் எழுத்தோ, பனியன் கம்பெனி லேபிளில் பார்த்ததோடு சரி.

பேசினால் போதும். எந்தப் பாஷையில் எவன் எழுதி வைத்திருந்தாலும் தேடி எடுத்துத் தமிழில் சொல்லிவிடும். கெட்டிக்காரப் போன்தான்.

வரிசையாய் ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுச் சுவருக்குத்தான் சாமர்த்தியம் பத்தாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஏறி, போதும் என்று நின்றுவிட்டது. அதற்கு மேல் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆஸ்பெஸ்டாஸ், ஒரே காற்று, ஒரே காது.

யாருக்கு மூலம், எவன் குடியை நிறுத்த மருந்து தேடினான், எந்த மருமகளுக்கு இன்னும் நாள் தள்ளிப்போகவில்லை, எல்லாம் டாக்டருக்கு முன்னே குழாயடிக்குத் தெரியும்.

அதிலும் அடுத்த வீட்டுப் பழனாத்தாள் இருக்கிறாளே, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தனை பேரும் வீட்டில். வாரம் முழுக்க மெஷினில் குனிந்த முதுகு, பாயைக் கேட்டது.

போன மாதம் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

குசுகுசுத்தாள். "மார்ல ஒரு கட்டி. வலியில்ல. என்னவா இருக்கும்?"

சரியாகக் கேட்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்று திரையில் வந்தது.

கொஞ்சம் குரலை ஏற்றினாள்.

மறுபடியும் அதேதான்.

போனைக் கவிழ்த்துவிட்டுச் சாய்ந்தாள். இன்னொரு ஞாயிறு வராமலா போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் டிவி நின்றது.

பழனாத்தாள் தன் போனிடம் பேசினாள். சந்தையில் ஆள் கூப்பிடுகிற தொண்டை.

"ஏஞ்சாமி, எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்குது. வலியில்ல. என்ன பண்ணோணும்?"

லைன் முழுக்கக் கேட்டது.

போன் நிதானமாகச் சொன்னது. பல கட்டிகள் பயப்படும்படியானவை அல்ல. ஆனாலும் பார்த்துத்தான் சொல்ல முடியும். தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவள் பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

பழனாத்தாள் வாசலில் கூட்டம் கூட எவ்வளவு நேரம் ஆகும். உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். இவளும் போய் நின்றாள். போகாமலிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு.

பழனாத்தாள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை உதறிச் செருகினாள்.

"எதுக்குடி இப்ப ஒப்பாரி? நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். ஒண்டியாப் போகத்தான் பயமாருக்குது. இவளக் கூட்டிட்டுப் போறேன்."

எல்லோரும் இவளைப் பார்த்தார்கள்.

"எத்தன மணிக்குங்க்கா?" என்றாள்.