பானட்டில் ஓட்டை போட்ட கார்

கணவர் ஹார்லனின் காரைப் பார்த்த வெர்னா, நேரே டெல்மரின் மெக்கானிக் கடைக்கு வந்து நின்றாள்.

"அந்தச் சனியனை மாட்டிவிட்டது நீங்கதானே?"

டெல்மர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அந்த 'டனல் ராம்' காற்றுக்குழாயையா? ஆமா."

பானட்டை வெட்டி, இன்ஜினுக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குக் காற்றுக்குழாய்க் கூடு. அதன் உச்சியில் இரண்டு கார்புரேட்டர். பந்தய மைதானத்தில் அவள் பார்த்திருக்கிறாள். சொந்த வீட்டு வாசலில் இன்றுதான்.

"அவரோட சிநேகிதர் ராய்ஸ் ரேஸ்ல கம்பத்துல மோதிச் செத்து ஆறு மாசம் ஆகல. இவரும் அதே சிக்னல்ல, அதே ஆளுங்களோட ரேஸ் விடுறார். நிறுத்தலைன்னா டொலிடோவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இன்னும் வேகமா போக வழி பண்ணிக் கொடுத்தீங்க? பெட்டி கட்டியாச்சு டெல்மர். வண்டியில இருக்கு."

டெல்மர் துணியை மடித்து வைத்தார்.

"நேத்து சிக்னல்ல பச்சை விழுந்ததும் தபால் வண்டி ஹார்லனை முந்திடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

வெர்னாவுக்குப் புரியவில்லை.

"இன்ஜின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுத்து சுத்தினாத்தான் இது வேலை செய்யும். மைதானத்துக்குச் சரி. தெருவுல நின்னு கெளம்புறப்போ மூச்சு திணறும். முன்ன இருந்ததைவிட மந்தம்."

"விஷயத்தைச் சொல்லாம அவர் தலையில கட்டிட்டீங்களா?"

"முப்பது வருஷமா இன்ஜின் பிரிக்கிற மனுஷன். அவருக்கா தெரியாது? காரை மந்தமாக்கு, ஆனா வேணும்னே பண்ணினேன்னு எவனுக்கும் தெரியக் கூடாதுன்னு வந்து நின்னார். இனிமே யாரும் அவரை ரேஸுக்குக் கூப்பிட மாட்டாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல அந்த ரேஸ்காரங்க பொண்டாட்டிங்களோட ஒரே பெஞ்சுலதானே உக்காருறீங்க?"



"ரேஸை விட்டுட்டேன்னு நேராச் சொல்றதுக்கு என்ன?"

"பொண்டாட்டிக்குப் பயந்த கோழைம்பாங்களாம். இப்ப வெறும் முட்டாள்ம்பாங்க. அது பரவால்லைன்னுட்டார்."