பெலீசுக்குப் போகிறவர்

"நான் பெலீசுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்!"

ராஜபாளையத்து டீக்கடையில் ஆவுடையப்பன் இப்படி முழங்கியதும், நாலு பேர் உட்காரும் பெஞ்சில் இருந்த பதினேழு பேரும் டீயை வாய்க்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள்.

அவர் சொன்னது பெலீஸ். மெக்சிகோவுக்குக் கீழே கடலோரமாக ஒண்டிக்கிடக்கும் பொடி நாடு. அங்கே நடுக்கடலில் ஒரு நீலக் கிணறு இருப்பதைச் செல்போனில் பார்த்த நாளிலிருந்து, மில் வேலையில் ஓய்வு பெற்ற அந்த மனுஷருக்குத் தூக்கமே இல்லை.

மூன்று வருஷமாகத் திட்டம். எட்டு நோட்டு எழுதித் தீர்த்துவிட்டார். மனைவி வெங்கடேஸ்வரியிடம் சம்மதம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. ஊர் வாய் வழியாக அவள் காதுக்குப் போகட்டும் என்றுதான் இந்த முழக்கம்.

ஊர்க் காதில் விழுந்தது போலீஸ்.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுத் தங்கச்சாமி ஒரு மூட்டை சப்பட்டை மாம்பழத்தோடு வந்து நின்றான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"அண்ணாச்சி, இந்த வருசம் ஒங்க மரம் காய்க்கலன்னு சொன்னியள்ல? அது அம்புட்டும் காய்ச்சுது. போலீசு கீலீசுன்னு போயிராதிய."

அதோடு நின்றதா? ஏணி வந்தது. குடை வந்தது. எவனோ ஒருவன், ஆவுடையப்பனுக்குச் சொந்தமே இல்லாத ஒரு சேவலைக் காம்பவுண்டுக்குள் விட்டுவிட்டு ஓடினான்.

எதிர்வீட்டு மாடத்தி, பதினோரு வருஷத்துக்கு முன் இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையைப் பளபளவென்று தேய்த்து, சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள்.

வெங்கடேஸ்வரி வந்த சாமான்களைச் சாவகாசமாக வாங்கித் திண்ணையில் அடுக்கினாள். இப்போதெல்லாம் அவள் போக்கே புதிராக இருந்தது. போன மாதம் மாடத்தியோடு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், பால்கோவா வாங்காமலே திரும்பினாள். உலகத்தில் நடக்கிற காரியமா அது?

மூன்றாவது மாம்பழத்தைச் சப்பியபடி, தைரியத்தை எல்லாம் திரட்டி அவர் வாயெடுத்த நேரம், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

நிஜப் போலீஸ்.

தெருக் கதவுகள் அத்தனையும் படபடவென்று சாத்திக்கொண்டன.

"வெங்கடேஸ்வரி யாரு? பாஸ்போர்ட் விசாரணை."

"நாந்தான் தம்பி, வாங்க."

"எந்த நாட்டுக்கும்மா போறிய?"

"பெலீசுக்கு."

"போலீசுதான் வந்தாச்சேம்மா. நாட்டைச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் வாயிலிருந்து மாங்கொட்டை நழுவியது. "ஏட்டி, என்னைய விட்டுட்டா?"

"மூணு வருசமா ஒரு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடலியே நீங்க! ஆனா ஒங்க நோட்டு எட்டையும் படிச்சோம். ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதை வச்சே போயிட்டு வந்துருதோம்."

போலீஸ்காரர் அடுத்த தாளைப் புரட்டினார்.

"மாடத்தின்னு ஒருத்தவங்க. எந்த வீடு?"

வெங்கடேஸ்வரி ஒரு கையால் எதிர்வீட்டைக் காட்டினாள். மறு கையால் இட்லிக் கொப்பரையைப் புருஷன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.