மூன்று செம்புத் தண்ணீர்

"தொழுவுல வேற நாலு கிடா நிக்கிது. நான் புட்டிப்பால் குடுத்து வளத்த மேகமலைச் செம்மறிதான் கிடைச்சுதாக்கும் ஒங்களுக்கு?"

கோயில் வாசலிலும் மாரீஸ்வரி விடவில்லை. அவள் கணவன் தவசி கிடாவைப் பூசாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவன் காய்ச்சலில் கிடந்தபோது கிடா வெட்டுவதாக நேர்ந்தது அவன் அம்மா. இந்தக் கிடாவைப் பிடித்து வந்தது அவன்.

மஞ்சள் தண்ணீர் பட்டதும் கிடா உடம்பை உதறினால் தெய்வம் சம்மதித்தது என்று அர்த்தம். உடனே அரிவாள் இறங்கும். பூசாரி மூன்று செம்பு ஊற்றினார். கிடா கல்லாக நின்றது.

"ஆத்தா வேணாங்குறா. பொங்கல் வச்சாப் போதும், அவுத்து விடுங்கப்பா."

மாரீஸ்வரி கிடாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. கிடா நனைந்தபடியே நடந்தது.

"எத்தனை மழை நனைஞ்சிருக்கு, ஒருநாளும் இது ஒதறுனதே..." மாரீஸ்வரி சட்டென்று நின்றாள்.

தவசி சிரித்தான். "மலைச்சாரல்ல பொறந்த சாதி. அடைமழைக்கே அசையாதது மூணு செம்புக்கா அசையும்? மத்த நாலும் ஒரு சொட்டுக்கே ஒதறும். எனக்காக ஒரு உசுரு போகணுமாடி? ஆத்தாகிட்டச் சொல்லிராத."

"எந்த ஆத்தாகிட்ட?"

"ரெண்டு பேருகிட்டயும்தான்!"