கருவை முளைத்த கட்டங்கள்

வயலில் வடக்கே மட்டும் ஏன் முளைத்தது என்று மூக்காயிக்குப் பிடிபடவில்லை.

ஒரே வயல். ஒரே கரிசல். போன வாரம் எல்லா இடத்திலும்தான் மழை பெய்தது.

வடக்கே வாய்க்கால் பக்கம் சீமைக்கருவைக் கன்றுகள் விரல் உயரத்துக்கு நெருங்கி நின்றன, யாரோ நாற்றுப் பாவியதுபோல. தெற்கே ஒன்றுகூட இல்லை.

வரப்பில் நாகநாதன் நின்றார். வயல்காரர். வைகாசியில் அவளுடைய செம்மறிகளை இங்கே கிடை போடச் சொன்னவர். இரவெல்லாம் ஆடுகள் வயலில் அடைந்து கிடந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம்.

“உரத்துக்குக் கிடை போடச் சொன்னா, காட்ட வளத்துக் குடுத்துட்டுப் போயிருக்கியே மூக்காயி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த வருசம் யூரியாவே போதும் என்று இருப்பதாகவும், கீழவயல்காரர்களும் அதைத்தான் பேசுகிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கீழவயல் கிடைகளும் போனால் கோடை வருமானம் முழுக்கப் போயிற்று. கோடை போனால் ஆடுகளை விற்க வேண்டியதுதான்.

அவள் கிடை கிடந்த வயலை ரோட்டிலிருந்தே அடையாளம் சொல்லலாம். பயிர் அப்படிக் கருத்து நிற்கும். அவள் ஆடுகளை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

வயலுக்குள் இறங்கினாள்.

தண்ணீர் காரணமா? பள்ளம் தெற்கேதான். ஈரம் தங்குவதும் அங்கேதான். அங்கே கன்று இல்லை.

காற்றா? முற்றிக் காய்ந்த கருவை நெற்று பறக்காது. விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

நிழலா? சுற்றிலும் ஒரு மரம் கிடையாது.

குந்தி உட்கார்ந்து ஒரு கன்றைப் பிடுங்கினாள். வேரோடு ஒரு புழுக்கையும் வந்தது. வேர் அதைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருந்தது.

ஆக, ஆடு கொண்டுவந்ததுதான். மறைக்க ஒன்றுமில்லை.

நெற்றின் சதை இனிப்பு. ஆடு அதற்காகத்தான் தின்கிறது. உள்ளே இருக்கும் விதைகளில் பாதி பல்லுக்குத் தப்பிவிடும். வயிற்றுக்குள் அவற்றின் தோல் இளகும். பிறகு எருவோடு சேர்ந்தே மண்ணில் விழும். விதைக்கு வண்டியும் சோறும் ஆடே கொடுத்துவிடுகிறது.

ஆனால் அதே ஆடுகள்தானே தெற்கேயும் கிடந்தன?

எழுந்து நடந்தாள். ஓர் இடத்தில் கன்றுகளின் நெருக்கம் சட்டென்று குறைந்தது. கத்தரித்ததுபோல, நேர்கோட்டில்.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். ராத்திரி ஆடுகளை அடைக்கச் சுற்றிலும் வலை கட்டிய கோடு.

தினமும் காலையில் வலையை அவிழ்ப்பாள். சாயங்காலம் பக்கத்தில் புதுக் கட்டம் கட்டுவாள். வாய்க்காலில் தொடங்கித் தெற்கே நகர்வது அவள் வழக்கம்.

முதல் கட்டத்தில் கால் வைக்க இடமில்லை.

இரண்டாவதில் அதில் பாதி.

மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றும்.

நான்காவது சுத்தம். அதற்கப்புறம் எல்லாமே சுத்தம்.

அவள் அங்கேயே நின்றாள்.

இங்கே வருவதற்கு முந்தின நாள்வரை ஆடுகள் கண்மாய்க்குள் மேய்ந்தன. வற்றிய கண்மாயில் கருவைதான் காடு. மரத்தடியெல்லாம் மஞ்சள் மஞ்சளாக நெற்று. இங்கே வந்தபிறகு அறுத்த பயிரின் காய்ந்த தாளும் வரப்புப் புல்லும்தான் தீனி.

வயிற்றில் இருந்த கண்மாய் காலியாக அத்தனை ராத்திரி ஆகியிருக்கிறது.

அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தின்றது என்ன, எப்போது தீர்ந்தது என்று இவ்வளவு பெரிய வயலில் வரிசை தப்பாமல் காட்டியிருக்கின்றன. அவளுடைய ஆடுகள்.

நாகநாதனைக் கூப்பிட்டாள்.

அவர் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டு இறங்கினார். கட்டம் கட்டமாக நடத்திக் காட்டினாள். நான்காவதில் அவர் குனிந்து தேடினார். தேடிக்கொண்டே போனார். தெற்கு வரப்பு வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. வருகிற கோடைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

முளைத்ததைத் தானே பிடுங்கிவிடுவதாகச் சொன்னாள். பிறகு, மன்னிப்புக் கேட்கிற குரலில் அல்லாமல், இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“கண்மாய விட்டு ஏறுனதும் மூணு ராத்திரி என் தரிசுலதான் அடைப்பேன். வெறும் தாளுதான் தீனி. அந்தப் புழுக்கைய அள்ளிக் குழியில போட்டு மக்க வச்சா, சூட்டுல விதை செத்துப்போகும். நாலாவது ராத்திரி உங்க வயலுக்கு வரும்ண்ணே.”