பாஸ்கோவுக்கு ஒரு கூட்டாளி

“கிட்ட வராதீங்க, சிஸ்டர்! எங்க நாய் ஆளைக் கண்டா முதல்ல தொடையைத்தான் கவ்வும்!”

இரும்புக் கேட்டில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாக முகத்தை மட்டும் காட்டிப் பேசினாள் முகாமி. அவள் மோவாய்க்குக் கீழே ஒரு தகரப் பலகை. பல்லைக் காட்டும் நாய்ப் படமும், ‘ம்ப்வா காலி’, அதாவது கடிநாய் ஜாக்கிரதை என்ற சிவப்பு எழுத்தும் அதில் இருந்தன.

“கடிச்சா கடிக்கட்டும், முகாமி. ஊசி போடுறதுதானே என் வேலை? பத்தே நிமிஷம், உங்க நாயையும் என் பாஸ்கோவையும் உங்க முற்றத்துல விட்டுப் பாப்போம்,” என்று கெஞ்சினாள் கெருபோ.

“ஐயோ, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்!” ஓட்டை பட்டென்று மூடிக்கொண்டது.

கெருபோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி நர்ஸாக மாற்றலாகி நகூரு டவுனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பாஸ்கோவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு இந்தத் தெருவை அளந்ததுதான் மிச்சம்.

பாஸ்கோ சொந்த ஊரான கீசியில் அண்ணன் வீட்டு மண்ணில் ஆறு நாய்களோடு புரண்டு வளர்ந்தவன். இங்கே வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான். உகாலிக் களியில் மாட்டுக்கறிக் குழம்பை ஊற்றி வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

“இவனுக்கு நோய் எதுவும் கிடையாது. கூட்டாளிதான் கிடையாது,” என்று சொல்லிவிட்டார் மாட்டு டாக்டர்.

அண்ணன் போனிலேயே கெடு வைத்துவிட்டான். “சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள அவனுக்கு ஒரு துணை கிடைக்கலைன்னா திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன். பட்டினி கிடந்து சாக விடமாட்டேன், தங்கச்சி.”

இன்று வியாழன். பாஸ்கோவும் போய்விட்டால், வேலை முடிந்து வரும் கெருபோவுக்காக வாசலில் காத்திருக்க இந்த ஊரில் வேறொரு உயிர் கிடையாது.

தெருவில் பதினாறு கேட். பதினாறிலும் அதே சிவப்பு எழுத்து. இத்தனை நாய்கள் இருந்தும் ஒன்றுகூட இவனுக்கு ஆகவில்லையே என்றுதான் அவளுக்கு ஆத்திரம்.

அடுத்த வீட்டுக் கோஸ்கே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “நாங்க சர்ச்சுக்குப் போற குடும்பம், சிஸ்டர். எங்க நாய் விளையாடாது.”

அதற்கடுத்த வீட்டில் பதில் உள்ளேயிருந்தே வந்தது. “ராத்திரி பூரா காவல் காத்துட்டு இப்பத்தான் கண்ணசந்துச்சு. எழுப்பாதீங்க!”

இன்னொருவர் தயங்கவேயில்லை. “எங்க நாய் மொம்பாசா போயிருக்கு.”

“நாயா?”

“என் பெண்டாட்டியோட.”

தெருமுனையில் சவாரிக்குக் காத்திருந்த வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் வேறு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். “நாய்க்குப் பொண்ணு பாக்குறீங்களா, சிஸ்டர்? பரிசமா எத்தனை மாடு குடுக்கப்போறீங்க?” என்றான் ஒருவன்.

“உனக்குப் பாக்குறப்போ சொல்றேன்டா. அப்போதான் நிறைய மாடு வேணும்!” என்று சீறிவிட்டு நடந்தாள். சொன்ன பிறகும் எரிச்சல் அடங்கவில்லை.

பாஸ்கோ தலையைத் தொங்கப் போட்டபடி பின்னால் வந்தான். ஒரு கேட்டிலும் மூக்கை வைக்கவில்லை. ஒரு தூணிலும் காலைத் தூக்கவில்லை. இவ்வளவு தூரம் மனசு விட்டுப்போச்சே இவனுக்கு என்று கெருபோ குனிந்து அவன் தலையைத் தடவினாள்.

மிச்சம் இருந்தது கடைசி வீடு. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முசேம்பியின் வீடு. மனைவி இறந்த பிறகு அவர் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்வி. இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அவள் கேட்டை ஓங்கித் தட்டினாள்.

உள்ளேயிருந்து காது கிழிகிற மாதிரி குரைப்பு வந்தது. கெருபோவே இரண்டடி பின்னால் போனாள்.

ஆனால் பாஸ்கோ! அவன் காது விறைத்து நின்றது. வால் ஒரு தரம் அசைந்தது, பிறகு சுழன்றது. தரையோடு படுத்து, கேட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்து, சின்னக் குட்டி போல முனகினான். உள்ளே குரைக்க இவனும் குரைக்க, தெருவே அதிர்ந்தது.

கெருபோவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஐயா! சனிக்கிழமை இவனை ஊருக்குக் கொண்டுபோயிடுவாங்க. மூணு மாசத்துல இன்னிக்குத்தான் வாலை ஆட்டுறான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், திறங்க!”

குரைப்பு நின்றது. பிறகு தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது.

முசேம்பி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்த பாஸ்கோ அவர் மேல் ஏறி முகமெல்லாம் நக்கினான். கெருபோ அவரைத் தாண்டி உள்ளே பார்த்தாள். கீரைப் பாத்தியும், துணி காயும் கொடியும், ஒரு நாற்காலியும்தான் இருந்தன.

“உங்க நாய் எங்கே, ஐயா? கட்டிப் போட்டுட்டீங்களா?”

“முதல்ல கேட்டைச் சாத்துங்க.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “இந்தத் தெருவுல நாய்னா உங்களோடது ஒண்ணுதான். மத்த வீட்டுல எல்லாம் வெறும் பலகை. ஒருத்தரும் வாயத் திறந்து சொல்லமாட்டாங்க. திருடன் காதுல விழுந்தா என்ன ஆகும்?”

கெருபோவுக்குத் தலை சுற்றியது. மூன்று மாதமாகத் தகரப் பலகைகளிடம் கெஞ்சியிருக்கிறாள். “அப்போ, இவ்வளவு நேரம் உள்ளே...”

முசேம்பி பாஸ்கோவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“இவனை ஊருக்கு அனுப்பிடாதீங்க, சிஸ்டர். குரைச்சது நான்தான்.”