திருத்திய சிரிப்பு

“இது என் பொண்ணே இல்லைங்க!”

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்த வேகத்தில், சுவரில் சட்டத்துக்குள் நின்றிருந்த கல்யாண ஜோடி ஒன்று ஆடிப் போனது. உள்ளே வந்தவள், பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொன்றாய் எடுத்துக் கொடுத்த படத்தை மேஜைமேல் அறைந்தாள். பின்னாலேயே அவள் மகள், உதட்டை இறுக்கி மூடியபடி.

ஸ்டுடியோக்காரர் படத்தையும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்தப் பாப்பாதானே? அதே ரெட்டை ஜடை, அதே முகம்...”

“அவ தெத்துப்பல் எங்கே?”

இவ்வளவுதானா! அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நான்தாம்மா கம்ப்யூட்டர்ல சரி பண்ணேன். உங்க பொண்ணுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. அந்த வகுப்புல நாப்பது பிள்ளைங்க. இருபத்தாறு பேருக்குப் பல்வரிசை ஏறுக்குமாறு. ஒண்ணு வெளியே எட்டிப் பார்க்குது, இன்னொண்ணு பக்கத்துப் பல்லு மடியில ஏறி உட்கார்ந்திருக்கு. மூணு நாள் கண்ணு வலிக்க உட்கார்ந்து அத்தனையையும் நேராக்கினேன். ஒருத்தரும் குறை சொல்லல.”

“இருபத்தாறு பேருக்கு இருந்தா, அது எப்படிங்க குறையாகும்?”

அவர் படத்தைக் கையில் எடுத்து மறுபடியும் பார்த்தார்.

“திருத்தாத படத்தைக் கொடுங்க. அது போதும்.”

“அது... வேலை முடிஞ்சதும் அழிச்சிட்டேனே! அதனால என்ன, இப்பவே புதுசா எடுத்துடலாம். பாப்பா, அன்னிக்கு மாதிரி சிரி பார்ப்போம்!”

சிறுமி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். மேலும் கீழும் பளபளவென்று கம்பி.

ஸ்டுடியோக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“நல்லா இருக்கே நியாயம்! நீங்க டாக்டர்கிட்டப் போய்க் கம்பி போடலாம், நான் படத்துல நேராக்கினா மட்டும் தப்பா?”

“கம்பி நேத்துதாங்க போட்டது. இவளாவது கூச்சமில்லாம சிரிக்கட்டும்னுதான். அதுக்கு முன்னாடி அந்தச் சிரிப்பு ஒரு படத்துல இருந்துடணும்னு நினைச்சேன். வீட்ல போனை நீட்டினாலே வாயைப் பொத்திக்குவா. உங்க முன்னாடிதான் அசந்து சிரிச்சிருக்கா.”

“ரெண்டு வருஷம் போகட்டும்மா. இதைவிட அழகா...”

“அழகுக்காகக் கேக்கலைங்க.” அவள் குரல் தணிந்தது. “அது அப்படியே இவ அப்பாவோட பல்லு. அதுக்குக் கூச்சப்பட்டே, போய்ச் சேர்ற வரைக்கும் மனுஷன் ஒரு படத்துலகூடச் சிரிச்சதில்லை.”