லண்டன் கறிவேப்பிலை

"மூடி கோணலா இருக்குன்னு எத்தன தடவ சொல்றது? கழட்டு மொதல்ல!"

வரதராசன்பேட்டை முந்திரித் தோப்பில் ஆரோக்கியசெல்வம் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கை பறந்துவிட்டது. வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது அவருக்கு. கையிலிருந்த போனுக்குள், லண்டனில், கம்பளித் தொப்பி போட்ட மகள் ஷைனி ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு கறிவேப்பிலைச் செடிக்காக. அங்கே விழும் உறைபனியில் அது கருகிவிடாமலிருக்க, கண்ணாடி மூடி போட்ட மரத்தொட்டி ஒன்றை அவள் செய்கிறாள். இவர் செய்ய வைக்கிறார். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்த்திராத மனிதர்தான். ஆனாலும் தன் யோசனையை நம்பி நிற்கும் செடி செத்துப்போனால் அவருக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வில்லங்கம். ஒரு வாரம் பலகை நீளம் பற்றாது. மறுவாரம் கண்ணாடி பெரிதாகிவிடும். போன வாரம் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடவே மறந்துவிட்டாள்.

"இஞ்சினியருக்குப் படிச்சவ ஒரு பொட்டி அடிக்க ரெண்டு மாசமா? பனி உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாடி?"

ஷைனி சிரித்தாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி லீலா மேரி எழுந்து வந்து கையை நீட்டினாள். "எங்கிட்டயும் கொஞ்சம் குடுங்களேன். முன்னல்லாம் 'இந்தா, ஒங்கம்மா'ன்னு ஒடனே தள்ளி வுட்டுருவீங்க."

"சும்மா இரு. செடி விசயம் பேசிக்கிட்டு இருக்கேன்ல."

ஒருவழியாக மூடி நேராக உட்கார்ந்தது. ஆரோக்கியசெல்வம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செரி, செடியக் கொண்டாந்து உள்ள வையி. பாப்பம்."

"அடுத்த வாரம் வைக்கிறேம்ப்பா."

"ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்ற. இப்பக் காட்டு!"

ஷைனி தயங்கினாள். பிறகு போனை மெல்லத் திருப்பினாள். சுவரோரம் ஒரு பூந்தொட்டி இருந்தது. அதில் வெறும் மண்தான் இருந்தது.

"செடி எங்கடி?"

"அது போன வருசமே பட்டுப்போச்சுப்பா. அதச் சொன்னா, நீங்க ஒடனே போனை அம்மாகிட்ட குடுத்துருவீங்க."